பங்கு ஆலயப் பதிவேட்டில் பெயர் இல்லையா? இங்கிலாந்தின் சேப்பல் பதிவேடுகளில் தேடும் முறை

இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு 1837 வரை பின்னோக்கிப் போவது பெரிய கஷ்டம் இல்லை. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிய ஆரம்பித்துவிட்டது. அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் அந்தந்த ஊரின் ஆங்கிலிக்கன் பங்கு ஆலயப் பதிவேடுகளைத்தான் நாட வேண்டும். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-ல் போட்ட உத்தரவால் தொடங்கிய பதிவேடுகள் அவை. பல குடும்பங்களை அவற்றில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து போகலாம்.

ஆனால் சில குடும்பங்களில் ஒரு தலைமுறை மட்டும் காணாமல் போகும். அப்பா அம்மாவின் கல்யாணம் பங்கு ஆலயத்தில் பதிவாகியிருக்கும். தாத்தாவின் அடக்கமும் இருக்கும். பிள்ளைகள் ஆறேழு பேர் இருந்தும் ஒருவருடைய ஞானஸ்நானமும் இருக்காது. பக்கத்து ஊர்களில் தேடினாலும் கிடைக்காது. புதிதாகத் தேட வருகிறவர்கள் இந்த இடத்தில் பதிவேடு தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பதிவேடு தொலைந்திருக்கவும் கூடும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் குடும்பம் அந்த ஆலயத்தைச் சேர்ந்ததுதானா?

அரசு ஏற்ற ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு வெளியே நின்ற புராட்டஸ்டன்ட் சபையார் இங்கிலாந்தில் ஏராளம். நான்கன்ஃபார்மிஸ்ட் என்றும் டிஸ்ஸென்டர் என்றும் அவர்களைச் சொல்வார்கள். அவர்கள் வழிபடக் கூடிய கட்டடம்தான் சேப்பல். அவர்களுடைய பதிவேடுகளில் தேடுவதற்கு ஒரே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: அந்தச் சபை எதை நம்பியதோ அதைத்தான் எழுதி வைத்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது என்று நம்பிய சபையில் குழந்தை ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிப் பயனில்லை. அதனால் எந்தத் தளத்தில் தேடுவது என்று யோசிப்பதற்கு முன்னால் எந்தச் சபை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பின்னணி கொஞ்சம்

1662-ல் ஒருமைப்பாட்டுச் சட்டம் வந்தது. எல்லாப் போதகர்களும் பொது வழிபாட்டு நூலில் உள்ளபடியே ஆராதனை நடத்த ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது. மறுத்த சுமார் 2,000 போதகர்கள் பதவியிழந்தார்கள். அவர்களைப் பின்பற்றிய மக்கள் வீடுகளிலும் களஞ்சியங்களிலும் மறைவாகக் கூடினார்கள். சட்டவிரோதமாகக் கூடுகிறவர்கள் தங்கள் பெயர்களை எழுதி வைக்க யோசிப்பார்கள் இல்லையா? அந்தக் காலத்துச் சேப்பல் பதிவேடுகள் அரிதாகவே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1689-ல் சகிப்புச் சட்டம் வந்தபின் கூடுமிடங்களுக்கு உரிமம் வாங்கி வெளிப்படையாக வழிபட முடிந்தது. அப்போதும் திரித்துவத்தை மறுத்த யூனிட்டேரியன்களுக்கு இடமில்லை. அவர்களுக்கு 1813 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிஸ்ஸென்டர்களுக்கு அரசுப் பதவிகளில் இருந்த தடை 1828 வரை நீடித்தது. இத்தனை தடைகள் இருந்தும் எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போனது. 1851 மார்ச் 30 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த மதக் கணக்கெடுப்பில், அன்று ஆராதனைக்குப் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆங்கிலிக்கன் அல்லாதவர்கள் என்று தெரிந்தபோது நாடே அதிர்ந்தது. ஆகவே உங்கள் தேடலில் ஒரு டிஸ்ஸென்டர் குடும்பம் குறுக்கிடுவது அபூர்வமான விஷயமே அல்ல.

முதல் வேலை: அடையாளம் காண்பது

தெரிந்த காலத்திலிருந்து தொடங்குங்கள். 1837-க்குப் பிந்தைய திருமணச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் அதைக் கடைசி வரி வரை படியுங்கள். எந்தக் கட்டடத்தில், எந்தச் சபையின் முறைப்படி திருமணம் நடந்தது என்று அதில் எழுதியிருக்கும். "இன்டிபென்டென்ட் சபை முறைப்படி" என்றோ ஒரு சேப்பலின் பெயரோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. சான்றிதழை வாங்கிவிட்டு, பெயரையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொண்டு மூடி வைப்பவர்கள் இந்த வரியைத் தவறவிட்டுவிடுகிறார்கள். பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் நடந்திருந்தாலும் ஒரு சின்னச் சந்தேகம் வரலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

பங்கு ஆலயப் பதிவேட்டிலேயே சில குறிப்புகள் கிடைக்கும். ஆங்கிலிக்கன் போதகர் ஓரத்தில் "டிஸ்ஸென்டர்" என்றோ, பாப்டிஸ்ட்களைக் குறிக்க "அனபாப்டிஸ்ட்" என்றோ எழுதியிருப்பார். "பிறந்தது, ஞானஸ்நானம் பெறவில்லை" என்று ஒரு வரி இருக்கும். 1695 முதல் 1706 வரை பிறப்பு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு வரி வசூலித்த காலத்தில் இந்த மாதிரிப் பதிவுகள் கூடுதலாகத் தென்படும், ஏனென்றால் வரிக்காகப் பிறப்பு ஒவ்வொன்றையும் கணக்கில் கொண்டுவர வேண்டியிருந்தது. இருபது வயதுக்காரர் ஒருவர் கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு ஆங்கிலிக்கன் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அவர் பாப்டிஸ்ட் அல்லது குவேக்கர் வீட்டில் வளர்ந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

உயில்களையும் பாருங்கள். "எங்கள் கூட்டத்துப் போதகருக்கு ஐந்து பவுண்டு" என்று ஒரு வரி கிடைத்தால் போதும். மரணச் செய்தி, கல்லறைக் கல், குடும்ப வேதாகமத்தின் முன்பக்கம் இவையும் உதவும்.

ஊரும் ஒரு குறிப்புத்தான். கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே மெதடிஸ்ட்கள் நிறைய. ஸ்டாஃபோர்ட்ஷயரின் மட்பாண்டத் தொழில் ஊர்களில் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட்கள். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்களில் பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹ்யூகனாட் என்ற புராட்டஸ்டன்ட்கள். அந்த ஊரில் என்னென்ன சேப்பல்கள் இருந்தன என்பதை அறிய, மேலே சொன்ன 1851 கணக்கெடுப்பின் படிவங்கள் அருமையான ஆதாரம். தேசிய ஆவணக்காப்பகத்தில் எச்.ஓ. 129 என்ற தொகுதியில் அவை இருக்கின்றன. சேப்பல் எப்போது கட்டப்பட்டது, அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. ஜெனுகி என்ற இலவசத் தளத்திலும் ஊர்வாரியாக ஆலயங்களின் பட்டியல் பார்க்கலாம்.

பங்கு ஆலயத்துக்கு எல்லை உண்டு, சேப்பலுக்குக் கிடையாது. தங்களுக்குப் பிடித்த போதகரைக் கேட்க மக்கள் பல மைல் நடந்து, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) எல்லையையும் தாண்டிப் போனார்கள். ஆகவே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, குடும்பம் வாழ்ந்த இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் சுற்றளவில் உள்ள எல்லாச் சேப்பல்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது: அந்தச் சபை எதை எழுதியது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நம் ஊரில் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் ஒன்றாகச் சேர்ந்தன. அதனால் சி.எஸ்.ஐ. குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் காதில் விழுந்தே இருக்கும். இங்கிலாந்தில் அவை நெடுங்காலம் தனித்தனி உலகங்கள்.

பிரஸ்பிட்டேரியன்களும் இன்டிபென்டென்ட் என்ற காங்கிரிகேஷனல் சபையாரும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆகவே இவர்களுடைய பதிவேடுகள் பங்கு ஆலயப் பதிவேடு போலவே இருக்கும், சொல்லப்போனால் அதைவிடத் தகவல் கூடுதலாகவே இருக்கும். பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி இரண்டும், தகப்பனின் தொழில், பல சமயம் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் கிடைக்கும். பங்குப் பதிவேட்டில் "ஜானின் மகன் தாமஸ்" என்ற ஒற்றை வரியைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது விருந்து.

ஒரு எச்சரிக்கை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரஸ்பிட்டேரியன் சபைகள் பல மெல்ல மெல்ல யூனிட்டேரியன் கொள்கைக்கு மாறின. 1720-ல் பிரஸ்பிட்டேரியன் என்றிருந்த அதே கட்டடம் 1820-ல் யூனிட்டேரியன் சேப்பலாக இருக்கும். ஆவணக் காப்பகப் பட்டியலில் எந்தப் பெயரில் வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கைக்கு எப்போது வந்தது என்பதைப் பொறுத்தது. 1972-ல் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகளில் பெரும்பாலானவை சேர்ந்து ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபை ஆனதால் அந்தப் பெயரிலும் தேட வேண்டும். சபைப் பெயரை நம்புவதைவிடத் தெருப் பெயரை வைத்துத் தேடுவது பாதுகாப்பு. கொள்கை மாறும், கட்டடம் அதே தெருவில் நிற்கும்.

பாப்டிஸ்ட்கள் விஷயம் வேறு. விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் வயது வந்தபின்தான் ஞானஸ்நானம், அதுவும் முழுக்கு. ஆகவே இங்கே இரண்டு வகைப் பதிவு: குழந்தைகளின் பிறப்புப் பதிவேடு ஒன்று, பெரியவர்களின் ஞானஸ்நானமும் சேர்க்கையும் எழுதப்பட்ட சபைப் புத்தகம் இன்னொன்று. இரண்டாவதில் பெரும்பாலும் பெற்றோர் பெயரோ வயதோ இருக்காது. பதிவேட்டில் "ஞானஸ்நானம்" என்ற சொல்லைப் பார்த்ததும் குழந்தை என்று நினைத்துப் பிறந்த வருடத்தைக் கணக்குப் போட்டால் வம்சாவளி முழுவதும் ஒரு தலைமுறை தள்ளிப் போய்விடும்.

வங்காளத்தில் பணியாற்றிய பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரியை எடுத்துக்கொள்வோம். 1761-ல் நார்தாம்ப்டன்ஷயரின் பாலர்ஸ்பரியில் பிறந்தவர். தகப்பனார் பங்கு ஆலயத்தின் எழுத்தர் என்பதால் குழந்தைப் பருவ ஞானஸ்நானம் அங்கேயே நடந்தது. 1781-ல் டாரதி பிளாக்கெட்டை மணந்தது பிடிங்டன் ஊரின் ஆங்கிலிக்கன் ஆலயத்தில். அப்புறம் கொள்கை மாறி, 1783 அக்டோபர் 5 அன்று நார்தாம்ப்டனில் நென் ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். ஒரே மனிதருக்கு இரண்டு ஞானஸ்நானம், இரண்டு வேறு சபைகளில். அவருடைய மகன் ஃபெலிக்ஸ் 1786-ல் பிறந்தவர். அவர் பெயரை நார்தாம்ப்டன்ஷயரின் ஞானஸ்நானப் பதிவுகளில் தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஃபெலிக்ஸ் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28 அன்று, செராம்பூரில், ஹூக்ளி ஆற்றில், கிருஷ்ண பால் என்ற வங்காளியோடு சேர்ந்து. பாப்டிஸ்ட் குடும்பத்தைத் தேடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குவேக்கர்கள் எந்த வடிவிலும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆனால் எழுதி வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பிறப்பு, திருமணம், அடக்கம் மூன்றும் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே ஒழுங்காகக் கிடைக்கின்றன. திருமணச் சான்றிதழில் மணமக்கள் மட்டுமல்ல, கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் கையெழுத்துப் போடுவார்கள். உறவினர்களின் கையெழுத்து பெரும்பாலும் ஒரே பக்கமாக இருக்கும். ஒரு குடும்பத்தின் மாமன் மச்சான் வரை ஒரே தாளில் கிடைத்துவிடும். ஒருவர் வேறு ஊருக்குக் குடிபோனால் மாதக் கூட்டம், அதாவது அந்த வட்டாரத்துக் குவேக்கர்களின் நிர்வாகக் கூட்டம், அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பும். வெளியாரை மணந்தால் சபையிலிருந்து நீக்குவார்கள், அதையும் எழுதி வைப்பார்கள். பிறப்புப் பதிவுகள் சட்டென்று நின்றுவிட்டால் மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளில் நீக்கத்தைத் தேடுங்கள்.

குவேக்கர் தேதிகளில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். கிழமைக்கும் மாதத்துக்கும் உள்ள பெயர்கள் பழைய தெய்வங்களின் பெயர்கள் என்று அவர்கள் அவற்றைச் சொல்ல மறுத்து, எண்ணால் எழுதினார்கள். ஞாயிறு முதல் நாள். 1752-க்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-ல் தொடங்கியதால் குவேக்கர்களுக்கு முதல் மாதம் மார்ச். பத்தாம் மாதம் டிசம்பர். பதினோராம், பன்னிரண்டாம் மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி. 1752 முதல் ஜனவரியே முதல் மாதம். "1735, 11-ஆம் மாதம், 4-ஆம் நாள்" என்றால் நம் கணக்கில் 1736 ஜனவரி 4. தேதியை மாற்றி எழுதும்போது மூலத்தில் இருந்தபடியும் பக்கத்தில் எழுதி வையுங்கள். யாரோ ஒருவர் இணையத்தில் மாற்றி எழுதியதை நீங்கள் இன்னொரு முறை மாற்றிவிட்டால் இரண்டு மாதம் தப்பாகிவிடும். ஆண்டு மார்ச்சில் தொடங்கிய குழப்பம் 1752-க்கு முந்தைய எல்லாப் பதிவேடுகளுக்கும் பொது.

மெதடிஸ்ட்கள் தொடக்கத்திலிருந்தே தனிச் சபையாக இருந்தார்கள் என்று பொதுவான ஒரு தவறான எண்ணம் உண்டு. அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1791-ல் இறக்கும் வரை தன்னை ஆங்கிலிக்கன் என்றே கருதினார். அவருடைய ஆட்களும் பிரசங்கம் கேட்கச் சேப்பலுக்குப் போனாலும் ஞானஸ்நானத்துக்குப் பெரும்பாலும் பங்கு ஆலயத்துக்கே போனார்கள். 1795-ல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகுதான் மெதடிஸ்ட் சேப்பல்களில் திருவிருந்து முதலான சடங்குகளுக்குப் பரவலாக வழி பிறந்தது. ஆகவே 1795-க்கு முந்தைய மெதடிஸ்ட் ஞானஸ்நானத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் பங்குப் பதிவேட்டை இன்னொரு முறை புரட்டுவது மேல்.

பிற்காலத்தில் அவர்களும் பிரிந்தார்கள்: 1797-ல் நியூ கனெக்ஷன், 1811 வாக்கில் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட், 1815-ல் பைபிள் கிறிஸ்டியன். ஒரே தெருவில் இரண்டு மூன்று மெதடிஸ்ட் சேப்பல்கள் எதிரெதிரே நின்ற ஊர்கள் உண்டு. 1932-ல்தான் பெரும்பாலோர் ஒன்று சேர்ந்தார்கள். இவர்களுடைய பதிவேடு பல இடங்களில் சேப்பலுக்கு ஒன்று என்று இல்லாமல் சர்க்யூட்டுக்கு ஒன்றாக இருக்கும். சர்க்யூட் என்பது ஒரே போதகர் குழு சுற்றிவரும் பல ஊர்ச் சேப்பல்களின் தொகுப்பு. ஒரு குக்கிராமத்துக் குழந்தையின் பெயர் பதினைந்து மைல் தள்ளியிருக்கும் பட்டணத்தின் பதிவேட்டில் இருப்பது இதனால்தான்.

மொரேவியன், ஸ்வீடன்போர்கியன், ஹன்டிங்டன் சீமாட்டியின் சபை போன்ற சிறு குழுக்களும் உண்டு. அவற்றின் பதிவேடுகளும் கீழே சொல்லும் தொகுதிகளிலேயே கிடைக்கும். கத்தோலிக்கர்களும் யூதர்களும் தனி; அவர்களுடைய ஆவணங்களுக்கு வேறு வழிகள்.

பதிவேடுகள் இப்போது எங்கே?

1837-க்கு முன் பங்கு ஆலயப் பதிவேட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. சேப்பல் பதிவேட்டுக்கு அந்த மதிப்பு இல்லை. சொத்துத் தகராறு வந்தால் ஒரு பாப்டிஸ்ட் வியாபாரி தன் மகன் எப்போது பிறந்தான் என்று நிரூபிக்கத் திண்டாட வேண்டும். அரசுப் பதிவு தொடங்கியதையொட்டி ஓர் ஆணையம் சேப்பல்களிடம் உங்கள் பழைய பதிவேடுகளை ஒப்படையுங்கள் என்று கேட்டது. வந்தவற்றைச் சரிபார்த்து, 1840-ல் சட்டத்தின் மூலம் சாட்சிய மதிப்பும் கொடுத்தது. 1857-ல் இன்னொரு ஆணையம் இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. இந்தத் திரட்டுத்தான் இன்று லண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. நான்கு தொகுதி எண்கள் போதும்.

ஆர்.ஜி. 4 என்பதுதான் பெரியது. குவேக்கர் தவிர மற்றச் சபைகள் ஒப்படைத்த, சரிபார்க்கப்பட்ட பதிவேடுகள் இதில். முதலில் தேட வேண்டியது இங்கேதான்.

ஆர்.ஜி. 6 குவேக்கர்களுக்கு உரியது. 1841 வரை வரும்.

ஆர்.ஜி. 8 சரிபார்ப்பில் தேறாதவை, பின்னால் வந்தவை என்று பலதும் கலந்த தொகுதி. சிறியது; இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

ஆர்.ஜி. 5 எனக்கு மிகவும் பிடித்தது. தங்கள் பதிவேடுகளுக்கு மதிப்பில்லை என்ற கவலையில் லண்டனின் பிரஸ்பிட்டேரியன், இன்டிபென்டென்ட், பாப்டிஸ்ட் சபையார் சேர்ந்து 1740-களின் தொடக்கத்தில் டாக்டர் வில்லியம்ஸ் நூலகத்தில் தாங்களே ஒரு பிறப்புப் பதிவகம் திறந்தார்கள். கட்டணம் கட்டிய யார் வேண்டுமானாலும் பிள்ளைகளின் பிறப்பைப் பதியலாம். 1837 வரை ஏறத்தாழ 50,000 பிறப்புகள் பதிவாயின. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் பதிந்தார்கள். பெற்றோர், பிறந்த வீடு இருந்த இடம், பல சான்றிதழ்களில் தாயின் பெற்றோர் பெயர், பிரசவத்தின்போது உடனிருந்தவர்களின் கையெழுத்து என்று அத்தனையும் இருக்கும். பாட்டனார் பெயர் ஒரே தாளில் கிடைப்பது இந்தத் துறையில் பெரிய அதிர்ஷ்டம். வெஸ்லியன் மெதடிஸ்ட்கள் 1818-ல் இதே போல் ஒரு பதிவகம் தொடங்கினார்கள்; அதன் சான்றிதழ்களும் இதே தொகுதியில்தான்.

இங்கே பதிவான தேதியும் பிறந்த தேதியும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். முப்பது வயதில் தன் பிறப்பைத் தானே பதிந்துகொண்டவர்களும் உண்டு. ஒரு குடும்பத்தின் எட்டுப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பதிந்த தகப்பனும் உண்டு.

இவற்றின் படிமங்கள் பி.எம்.டி. ரெஜிஸ்டர்ஸ், தி ஜீனியாலஜிஸ்ட், ஆன்செஸ்ட்ரி போன்ற கட்டணத் தளங்களில் இருக்கின்றன. குவேக்கர் ஆவணங்களுக்கு ஃபைன்ட்மைபாஸ்ட் நல்லது. ஃபேமிலிசர்ச் தளத்தில் ஆர்.ஜி. 4 பதிவேடுகள் பலவற்றின் அட்டவணை இலவசம். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் உள்ளூர் நூலகத்தில் விசாரியுங்கள். இங்கிலாந்தில் பல பொது நூலகங்களின் கணினிகளில் இந்தத் தளங்களில் சிலவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

தேடல் பெட்டியில் பெயரைத் தட்டி, ஒன்றும் வரவில்லை என்றதும் கிளம்பிவிடாதீர்கள். பழைய கையெழுத்தைப் படித்து அட்டவணை செய்தவர்கள் குடும்பப் பெயர்களைக் கன்னாபின்னாவென்று எழுதியிருக்கிறார்கள். சேப்பலின் பெயரைப் பிடித்து, அந்தப் பதிவேட்டின் படிமங்களை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவதே நிச்சயமான வழி. பல சேப்பல்களின் பதிவேடு நூறு பக்கத்தைக்கூடத் தொடாது. முன்பக்கத்தில் சபை எப்படித் தோன்றியது, எந்தப் போதகர் எப்போது வந்தார் என்ற குறிப்பும் சில சமயம் இருக்கும்.

ஒப்படைக்கப்படாத பதிவேடுகளும், 1837-க்குப் பிந்தைய பதிவேடுகளும் பெரும்பாலும் கியூவில் இருக்காது. அவை கவுண்டி ஆவணக் காப்பகங்களில் இருக்கும், அல்லது இன்னும் சபையின் அலமாரியிலேயே இருக்கும். தேசிய ஆவணக்காப்பகத்தின் டிஸ்கவரி பட்டியலில் ஊர்ப் பெயரையும் "சேப்பல்" என்பதையும் சேர்த்துத் தேடினால் பல கவுண்டிக் காப்பகங்களின் இருப்பும் தெரியவரும். சில போதகர்கள் பதிவேட்டைத் தங்கள் சொந்தச் சொத்தாக நினைத்து, வேறு ஊருக்கு மாறும்போது கையோடு எடுத்துப் போய்விட்டார்கள். ஆகவே உங்கள் சேப்பலின் பதிவேட்டில் பத்து வருட இடைவெளி தெரிந்தால், அந்தப் போதகர் அடுத்து எந்த ஊருக்குப் போனார் என்று பார்த்து அங்கேயும் தேடுங்கள். காங்கிரிகேஷனல் போதகர்களின் பணியிடங்களை அறிய சர்மன் அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது.

திருமணம்

இது எளிது. 1754 மார்ச் 25 முதல் 1837 வரை, குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லோரும் ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் மணந்தாக வேண்டும். ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் அப்படி. மான்செஸ்டரின் கிராஸ் ஸ்ட்ரீட் சேப்பலின் யூனிட்டேரியன் போதகர் வில்லியம் கேஸ்கல்கூட 1832-ல் நட்ஸ்ஃபோர்டின் பங்கு ஆலயத்தில்தான் கல்யாணம் செய்துகொண்டார். ஆகவே பங்கு ஆலயத்தில் திருமணம் நடந்ததை வைத்துக் குடும்பம் ஆங்கிலிக்கன் என்று முடிவு செய்ய முடியாது.

1837 முதல் பதிவு பெற்ற சேப்பல்களில் மணக்கலாம், ஆனால் அரசுப் பதிவாளர் நேரில் வர வேண்டும். பதிவேடு அவருடையது என்பதால் சேப்பலிடம் திருமணப் பதிவேடு தேடிப் பலன் கிடைப்பது அரிது, சான்றிதழையே வாங்கிவிடுங்கள். 1898-ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பதிவாளர் இல்லாமல் சபையே நியமித்த ஒருவர் பதியும் முறை வந்தது.

அடக்கம்

சேப்பலுக்குச் சொந்த இடுகாடு இருந்தால் அதன் அடக்கப் பதிவேடும் ஆர்.ஜி. 4-ல் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான கிராமச் சேப்பல்களுக்கு இடுகாடு கிடையாது. ஊரில் இருந்த ஒரே இடுகாடு ஆங்கிலிக்கன் ஆலய வளாகம்தான். டிஸ்ஸென்டர்களும் அங்கேயே அடக்கமானார்கள், ஆங்கிலிக்கன் போதகரின் ஜெபத்தோடு. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அந்த ஜெபமும் மறுக்கப்பட்டது. பாப்டிஸ்ட் வீடுகளில் செத்த குழந்தைகளுக்கு இதனால் நேர்ந்த அவமானங்கள் அந்தக் காலத்தில் பெரிய சண்டையாகின. 1880-ல்தான் ஊர் இடுகாட்டில் தங்கள் சொந்த முறைப்படி அடக்கம் செய்யும் உரிமை கிடைத்தது. ஆக, அடக்கத்துக்குப் பங்குப் பதிவேட்டைத் தவறாமல் பாருங்கள்.

லண்டன் குடும்பம் என்றால் பன்ஹில் ஃபீல்ட்ஸ். 1660-களிலிருந்து 1854 வரை டிஸ்ஸென்டர்கள் அடக்கமான இடம். ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா வெஸ்லியின் கல்லறையும் இங்கேதான். 1713 முதலான அதன் பதிவேடுகள் ஆர்.ஜி. 4-ல் இருக்கின்றன. மான்செஸ்டரில் டிஸ்ஸென்டர்கள் 1821-ல் ரஷோம் சாலையில் தனியார் இடுகாடு திறந்தார்கள். லண்டனின் ஸ்டோக் நியூவிங்டனில் 1840-ல் ஏப்னி பார்க். பிற்கால நகராட்சி இடுகாடுகளில் ஆங்கிலிக்கன் முறைப்படி அர்ச்சிக்கப்பட்ட பகுதி, அர்ச்சிக்கப்படாத பகுதி என்று இரண்டு இருக்கும். உங்கள் ஆள் இரண்டாவதில் இருந்தால் அதுவே ஒரு துப்பு.

பதிவேட்டுக்கு வெளியே

பிறப்பும் அடக்கமும் கிடைத்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் நல்ல பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பேன். சேப்பல் என்பது உறுப்பினர்கள் தாங்களாகச் சேர்ந்து நடத்திய அமைப்பு. ஆகவே உறுப்பினர் பட்டியல், நன்கொடைப் பட்டியல், ஞாயிறு பள்ளிப் பதிவேடு, சபைக் கூட்டக் குறிப்புகள் எல்லாம் உண்டு. குடித்ததற்காக, கடனை அடைக்காததற்காக, முறைதவறி நடந்ததற்காகச் சபை யாரை விசாரித்தது, யார் மன்னிப்புக் கேட்டார், யார் கோபித்துக்கொண்டு எதிர்ச் சேப்பலுக்குப் போனார் என்பதெல்லாம் குறிப்புகளில் பச்சையாக எழுதப்பட்டிருக்கும். பதிவேட்டில் வெறும் பெயராக இருந்தவர் இங்கே ஆளாகத் தெரிவார்.

மெதடிஸ்ட் இதழ்களில் சாதாரண உறுப்பினர்களின் மரணக் குறிப்புகள்கூட விரிவாக வந்தன. மெதடிஸ்ட்களில் இன்னொரு புதையல், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெஸ்லியன்கள் ஆளுக்கு ஒரு கினி (ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும்) என்று நிதி திரட்டியபோது கொடுத்தவர்களின் பெயர்களை எழுதிய வரலாற்றுப் பட்டியல். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கொண்ட அந்தப் புத்தகங்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலில் இருக்கின்றன. இறந்த உறவினரின் நினைவாகவும் குழந்தைகளின் பெயரிலும் கட்டியிருப்பதால் ஒரு குடும்பம் முழுவதும் அடுத்தடுத்த வரிகளில் வருவது உண்டு.

தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றிய மிஷனரிகளின் பூர்விகத்தைத் தேடுகிறவர்களுக்கும் இதே வழிதான். நாகர்கோவிலில் இருந்த லண்டன் மிஷனரி சங்கத்தார் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் பின்னணி கொண்டவர்கள். 1814-ல் இலங்கை வந்திறங்கியவர்கள் வெஸ்லியன்கள். இந்த இரண்டு சங்கங்களின் ஆவணங்களும் லண்டனின் சோயாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டில், ரீஜென்ட்ஸ் பார்க் கல்லூரியின் ஆங்கஸ் நூலகத்தில். மிஷனரி ஆக விண்ணப்பித்தவர் எந்தச் சேப்பலில் உறுப்பினர், எந்தப் போதகர் பரிந்துரைத்தார் என்று சங்கத்தின் தாள்களில் இருக்கும். அந்தச் சேப்பலின் பெயரை எடுத்துக்கொண்டு ஆர்.ஜி. 4-க்குத் திரும்பி வரலாம்.

கடைசியாக, குறிப்பெடுக்கும் முறை. தொகுதி எண், அதற்குள் பதிவேட்டின் எண், பக்கம், சேப்பலின் பெயரும் தெருவும், எந்தச் சபை, பிறப்பா ஞானஸ்நானமா சேர்க்கையா, இத்தனையும் ஒவ்வொரு பதிவுக்கும் எழுதுங்கள். தேடிக் கிடைக்காத சேப்பல்களையும், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை பார்த்தீர்கள் என்பதோடு ஒரு தனித் தாளில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பதிவேட்டுக்கு இன்னொரு முறை பணம் கட்டாமல் இருக்கலாம்.